கிளைக்கு அளவெடுத்தவர்

கையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளோடு, கதவை முதுகால் தள்ளித் திறந்து வராந்தாவுக்கு வந்த டெய்லர் மாஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். முதலில் வாசனைதான் வந்தது. திரும்பிப் பார்த்த பிறகுதான் வெள்ளை. செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் தொட்டியில் நின்ற மரம், கணுவுக்குக் கணு பூத்துத் தள்ளியிருந்தது.

"நடுவாசல்ல என்னடா நிக்கிறே? நாற்காலியைப் போடு, ஆளுங்க வந்துருவாங்க," என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

வரத்தான் போகிறார்கள். காப்பி டாக்டருக்கு விடிவதற்குச் சற்று முன்னால் மூச்சு நின்றது. பால் பாக்கெட் போடுகிறவர் தெருமுனை திரும்புவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு டீச்சர் தலைகூடச் சீவாமல் முதல் ஆளாக வந்து பார்த்தார். கட்டின புருஷன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பதைக் கவனித்தார். போகிற வழியில் அதை இரண்டு வீட்டில் சொல்லியும் ஆயிற்று. மாஸ்டர் சட்டைப் பொத்தானை ஓட்டை மாற்றிப் போட்டிருந்ததைச் சொல்ல மறந்துவிட்டார். தையற்காரர் சட்டையில் அது எத்தனை பெரிய விஷயம் என்று டீச்சருக்குத் தோன்றவில்லை.

காப்பி டாக்டர் என்பது தெரு வைத்த பெயர். மாஸ்டரின் மனைவி ஊசி போடுகிற டாக்டர் இல்லை. காட்டுக் காப்பிச் செடிகளின் பூர்வீகத்தைத் தோண்டுகிற டாக்டர். எந்தச் செடி எந்தச் செடிக்கு ஒன்றுவிட்ட உறவு, எது எந்தக் காலத்தில் குடும்பத்தைவிட்டுப் பிரிந்து போனது என்று இலையை அரைத்துப் பார்த்துச் சொல்லுகிற வேலை. வாசல் பலகையில் டாக்டர் என்பதை மட்டும் படித்துவிட்டுக் காய்ச்சலோடு படியேறி வந்தவர்கள் உண்டு. "வெந்நீர் குடிங்க, நல்லாத் தூங்குங்க" என்று அவரும் முகம் கோணாமல் சொல்லி அனுப்புவார். பாதிப் பேருக்குக் குணமாயிற்று.

ஒருமுறை டீச்சர் நச்சரித்து நச்சரித்துக் காட்டுக் காப்பி ஒரு கப் வாங்கிக் குடித்தார். "ஊறின கதவைக் கடிச்ச மாதிரி இருந்துச்சு. குடிச்சிட்டு மத்தியானம் பூரா தூங்கினேன்" என்று அவர் சொன்னது தெருவில் ரொம்ப நாள் ஓடியது. அந்த வகையில் தூக்கத்தைக் கெடுக்கிற சரக்கே கிடையாதாம். தூக்கம் வரவழைக்கிற காப்பியை எதற்காக ஒரு மனுஷி தொட்டியில் வைத்துக் கொஞ்ச வேண்டும் என்பது தெருவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

மாஸ்டருக்கு விளங்கும். கீழே தையல் கடை, மேலே வீடு. அந்தக் கடைக்கு டாக்டரம்மா முதன்முதலாக வந்து நின்றபோது கையில் துணி இல்லை. இலையோடு ஒரு கிளை இருந்தது.

"இதுக்கு ஒரு சட்டை தைக்கணும்."

மாஸ்டர் சிரிக்கவில்லை. கழுத்திலிருந்த டேப்பை எடுத்துக் கிளைக்கு நீளம், சுற்றளவு எல்லாம் எடுத்துவிட்டு, "கை வைக்கணுமா?" என்று கேட்டார்.

டாக்டரம்மாதான் சிரித்தார். பூக்கிற கிளையை மெல்லிய துணிப்பைக்குள் போட்டுக் கட்டிவிட்டால், எந்த மரத்து மகரந்தம் எந்தப் பூவில் விழுந்தது என்பதில் சந்தேகம் வராது; தேனீ கண்ட இடத்துக்குப் போய்விட்டு வரும், அதன் பேச்சை நம்ப முடியாது என்று விளக்கினார். "வெள்ளிக்கிழமை வாங்க" என்றார் மாஸ்டர். வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் துணியை வெட்டக்கூட இல்லை. உலகத்து டெய்லர்களெல்லாம் ஒரு தாய் மக்கள். "பூ காத்திருக்காது மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா பெஞ்சில் உட்கார்ந்தார்; தைத்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. மாஸ்டர் வாழ்நாளில் சொன்ன நாளில் கொடுத்த ஒரே உருப்படி அதுதான் என்று தெருவில் சொல்வார்கள்.

பிறகு பை கொடுக்கிற சாக்கில் இவரும் அளவு சரிபார்க்கிற சாக்கில் அவருமாக வந்து போய், கல்யாணத்தில் முடிந்தது. டாக்டரும் டெய்லரும் எப்படி ஒட்டினார்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் டாக்டரம்மா ஒரே பதில் வைத்திருந்தார்: "எப்பவோ ஒரு காலத்துல, காட்டுல, ரெண்டு வேற வேற வகைச் செடி தற்செயலா சேர்ந்துச்சு. நீங்க குடிக்கிற காப்பியில பாதிக்கு மேல அதோட வாரிசுதான். யாரும் ஜாதகம் பார்க்கலை."

வராந்தாவில் பூத்து நின்றது அந்த வாரிசுகளில் ஒன்றில்லை. அது யாரும் வளர்க்காத வகை. ஒரே ஒரு மலைச்சரிவில் இருந்தது. சரிவை வெட்டிச் சாலை போட்டார்கள். அதற்கு முன்னால் டாக்டரம்மா மடியில் கட்டிக்கொண்டு வந்த விதைகளில் தப்பியவை இரண்டு. ஒன்று ஆராய்ச்சி நிலையத்தில், ஒன்று இங்கே. காட்டுக் காப்பி தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாது. இன்னொரு மரத்திலிருந்து வர வேண்டும். விதையைப் பெட்டியில் போட்டுப் பத்திரப்படுத்தவும் முடியாது. காய்ந்தாலும் சாகும், குளிர்ந்தாலும் சாகும். மரமாக நின்றால்தான் உண்டு.

போன மழையில் நிலையத்து மரம் வேர் அழுகிச் செத்தது. சாவதற்கு முன் ஒரு தடவை பூத்தது. அந்தப் பூவின் மகரந்தத்தை ஒரு சின்னக் குழாயில் அடைத்து, குழாயை ஈரம் உறிஞ்சும் நீல மணிகள் போட்ட குப்பிக்குள் இறக்கி, டாக்டரம்மா வீட்டு ஃப்ரிட்ஜின் ஐஸ் அறையில் வைத்திருந்தார். விதை மாதிரி இல்லை, மகரந்தம் குளிரைத் தாங்கும். ஆனால் இன்னொரு வருஷம் தாங்கும் என்று சொல்வதற்கில்லை. இந்தத் தடவை பூக்கும்போது வைத்தால் வைத்ததுதான். விட்டால் அந்த வகை இந்தத் தொட்டியோடு சரி.

அதனால்தான் மரத்தைக் காயப் போட்டிருந்தார்கள். நன்றாகக் காய்ந்த மரத்துக்குத் தண்ணீர் விட்டால் ஒரு வாரம், பத்து நாளில் மொத்தமாகப் பூக்கும். "நான் எழுந்து நடமாட ஆரம்பிச்சப்புறம் விடலாம் மாஸ்டர். பூவை நானே பார்த்துக்கறேன்" என்று படுக்கையில் இருந்தபடி சொன்னார். 'தண்ணீர் ஊற்றாதீர்கள்' என்று அட்டையில் எழுதித் தொட்டியில் குத்திவைத்தார் மாஸ்டர். டாக்டரம்மா எழுந்திருக்கவில்லை. மாஸ்டரும் தண்ணீர் விடவில்லை. கடைசி நாட்களில் மனைவியின் படுக்கையருகிலிருந்து நகராததால் வாசல் பக்கம் பார்க்கவும் இல்லை.

நாற்காலிகளைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டி மண்ணை விரலால் குத்திப் பார்த்தார். ஈரம்.

"அக்கா, இதுக்கு யாரு தண்ணி விட்டது?"

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வந்து பத்து நாளுக்கு மேலாகிறது. வந்ததிலிருந்து அழுவதற்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருக்கிறாள். "யாரும் விடலையே. பார்க்க வந்தவங்க குடிச்சது போக மிச்சத்தை அதுல ஊத்திட்டுப் போனாங்க. பின்ன, டம்ளரைத் தூக்கிட்டு சமையலறை வரைக்குமா வருவாங்க?"

"அட்டை வெச்சிருந்தேனே?"

"அதுவா? அதாலதான் பால் பாத்திரத்தை மூடி வெச்சிருக்கேன். சீக்காளியைப் பார்க்க வர்றவங்களை வாசல்லயே 'ஊற்றாதீர்கள்'னு எழுதி வெச்சு யாராவது கூப்பிடுவாங்களாடா?"

மாஸ்டர் கீழே கடைக்கு ஓடினார். இழுப்பறையில் கிடந்த மல் துணிப் பைகளை அள்ளிக்கொண்டு வந்து, தேனீ எழுவதற்கு முன்னால் மூன்று கிளைகளில் மாட்டி வாயை நாடாவால் கட்டினார். பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்தார். பளபளவென்று இருந்தது. மேலே கீழே எங்கும் பால் பாக்கெட்.

"அக்கா. இதுல ஒரு குப்பி இருந்துச்சே. நீல மணி போட்டது."

"வர்றவங்களுக்கு டீ போட வேணாமா? பால் வைக்க இடமில்லைன்னு எல்லாத்தையும் காலி பண்ணினேன். அது ஏதோ காலாவதியான மருந்து..." அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "குப்பைப் பையில போட்டுட்டேன்டா."

"பை எங்க?"

கீழே குப்பை வண்டியின் மணி அடித்தது. தெருக்கோடியில் திரும்புகிற இடத்தில் அடிக்கிற மணி.

அதற்குப் பிறகு நடந்ததைத் தெரு இன்றைக்கும் இரண்டு விதமாகச் சொல்கிறது. பொண்டாட்டியை உள்ளே கிடத்திவிட்டு, மாஸ்டர் வெறுங்காலோடு, கோணல் சட்டையோடு, "நிறுத்து, நிறுத்து" என்று கத்திக்கொண்டு குப்பை வண்டியின் பின்னால் ஓடினார். அதுவரை ஒரே கதைதான்; எதற்காக என்பதில்தான் இரண்டு. வண்டி நின்றதும் ஏறி உள்ளே குதித்தார். ஒவ்வொரு பையாகக் கிழித்து இரண்டு கையாலும் வாரினார்.

"மாஸ்டர், இறங்குங்க மாஸ்டர், கண்ணாடி கிடக்கும்," என்று வண்டிக்காரர் பதறினார். "என்ன தேடுறீங்க? மோதிரமா?"

"குப்பி. உள்ள நீல மணி."

"எந்தப் பை?"

"தெரியலை."

இஸ்திரிக் கடைக்காரர் ஓடி வந்தார். டீச்சர் ஓடி வந்தார். டீச்சருக்குப் பார்த்தவுடனே விளங்கிவிட்டது. "உள்ளயே போட்டு அழுத்தி வெச்சிருந்தாரு பாவம், மூளைக்கு ஏறிடுச்சு," என்று சொல்லி, வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவரே அழ ஆரம்பித்தார். "மாஸ்டர், அவங்க குப்பையிலயா இருக்காங்க? எங்களைப் பாருங்க மாஸ்டர்!"

"டீச்சர், கொஞ்சம் தள்ளி நின்னு அழுங்க. வெளிச்சம் மறைக்குது," என்றார் மாஸ்டர்.

வண்டிக்காரரும் ஏறிக் கிளற ஆரம்பித்தார். காய்கறித் தோல், பிழிந்த டீத்தூள், மாத்திரை அட்டைகள், நேற்றுவரை டாக்டரம்மாவுக்குப் போட்ட பஞ்சு. பஞ்சு வந்ததும் மாஸ்டரின் கை ஒரு கணம் நின்றது. இது நம் வீட்டுப் பைதான். அடியில், டீத்தூள் அப்பிக்கொண்டு, குப்பி கிடந்தது. சட்டையில் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

திரும்பி நடக்கும்போதே டாக்டரம்மாவின் மாணவிக்குப் போன் போட்டார். தெரு அவளைச் சின்ன டாக்டர் என்று சொல்லும். சேதி கேட்டதும் வெளியூரிலிருந்து கிளம்பி, பஸ்ஸில் இருந்தாள்.

"சார்..." என்று அந்தப் பக்கம் அழுகை வெடித்தது.

"அப்புறம் அழலாம்மா. மரம் பூத்துடுச்சு."

அழுகை அப்படியே நின்றது. "இன்னிக்கா? எப்படி சார்? எல்லாக் கிளையுமா?"

"எல்லாம். குப்பி ஃப்ரிட்ஜைவிட்டு வெளிய கிடந்துச்சு. காலையிலேருந்து."

"ஐயோ. மூடி இறுக்கமா இருக்கா? மணி என்ன கலர் சார்? ஈரம் உள்ள போயிருந்தா ரோஸ் ஆயிருக்கும்."

"நீலம்."

"நல்லாப் பாருங்க சார். கொஞ்சம்கூட ரோஸ் இல்லையே?"

"முழு நீலம்மா. கலர்ல ஏமாத்தினா இந்தத் தொழில்ல ஒருநாள் ஓட்ட முடியுமா?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். "அப்போ நான் வர்றவரைக்கும் காத்திருக்காதீங்க. நான் சாயங்காலம்தான் வந்து சேர்வேன். மேடத்தோட பிரஷ் இருக்குமே? பூ நடுவுல ரெண்டாப் பிளந்த நாக்கு மாதிரி இருக்கும், அதுல மட்டும் தொட்டு வையுங்க. ஒவ்வொரு பூவா. மூச்சு விடாதீங்க, பொடி பறந்துடும். அப்புறம் பையைக் கட்டிடுங்க."

"பிடிக்குமா?"

"தெரியலை சார். மேடம் இருந்தாலும் தெரியலைன்னுதான் சொல்வாங்க."

பிரஷ் டாக்டரம்மாவின் மேஜையில் பேனாக்களோடு நின்றது. மாஸ்டர் கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். வராந்தாவில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, பட்டன் தைக்கப் போடுகிற கண்ணாடியை மாட்டி, முதல் கிளையின் பையை அவிழ்த்தார். ஊசியில் நூல் கோக்கும்போது மூச்சு விடாத பழக்கம் கை கொடுத்தது. பிரஷ்ஷின் நுனியில் எடுத்த பொடி கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. ஒரு பூ. பக்கத்துப் பூ. அதற்கும் பக்கத்துப் பூ.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். படியேறி, செருப்பை விட்டு, துக்க முகத்தைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தால், துக்கத்துக்கு உரியவர் முதுகைக் காட்டிக்கொண்டு செடிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். யாரிடம் கையைப் பிடித்து ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் உள்ளே போனார்கள். உள்ளே போனவர்கள் பேசிக்கொண்டது வெளியே நன்றாகவே கேட்டது.

"பொண்டாட்டி போன அன்னிக்காவது அந்தத் தொட்டியை விடக்கூடாதா மனுஷன்?"

"அந்தம்மா பழக்கின பழக்கம்."

அக்கா அதைக் கேட்டாள். இத்தனை வருஷமாக அவள் சொன்னதும் அதேதான். தம்பியைச் செடிக்கு ஜாக்கெட் தைக்க வைத்தவள் என்றாள். பிள்ளை பெறாமல் மரம் பெற்றாள் என்று ஒரு கல்யாணப் பந்தியில், டாக்டரம்மா காதுபடவே சொன்னாள். டாக்டரம்மா அன்றைக்கு "பந்தியில நீங்க சாப்பிட்டீங்களா அண்ணி?" என்று மட்டும் கேட்டார். அக்கா சமையலறையிலிருந்து வெளியே வந்து, முக்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நான்தான் தூக்கிப் போட்டேன்," என்றாள்.

"கிடைச்சிருச்சே, விடுக்கா. அந்தக் கிளையைக் கொஞ்சம் வளைச்சுப் பிடி. இழுக்காதே."

அக்கா பிடித்தாள். தட்டுமுட்டு உருட்டுகிற கை, கிளையைக் குழந்தை விரல் மாதிரி பிடித்தது.

"காய்ச்சா என்னடா கிடைக்கும்?"

"ஒரு காய்க்கு ரெண்டு விதை."

"குடிக்க நல்லா இருக்குமா?"

"இருக்காது."

அக்கா அதற்குத் தலையாட்டினாள். கிளையை விடவில்லை.

இரண்டாவது கிளை முடிகிற நேரத்தில் கீழே அமரர் ஊர்தி வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடிப்பதா வேண்டாமா என்று யோசித்து, அடிக்காமல் ஆளை அனுப்பினார். டீச்சர்தான் தூது. "மாஸ்டர், வண்டி வந்துருச்சு. நேரமாகுதுன்னு எல்லாரும்..."

"இன்னும் ஒரு கிளை இருக்கு," என்றார் மாஸ்டர், திரும்பாமல்.

"செடி எங்கயும் ஓடிடாது மாஸ்டர். அம்மாவை..."

"டீச்சர்," என்றாள் அக்கா. கிளையைப் பிடித்தபடியே, படிக்கட்டில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னாள்: "என் தம்பி அவ விட்டுட்டுப் போன வேலையைப் பார்க்கிறான். முடிச்சிட்டுத்தான் வருவான். வண்டி நிக்கட்டும். வெயிலா இருந்தா டிரைவருக்கு ஒரு டம்ளர் தண்ணி கொடுங்க."

தெரு காத்திருந்தது. மாஸ்டரிடம் துணி கொடுத்துவிட்டுக் காத்திருந்து பழகிய தெருதான்.

மூன்றாவது கிளையும் முடிந்தது. பையை மாட்டி நாடாவைக் கட்டும்போது, அக்கா துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். "தொளதொளன்னு இருக்கே? அளவு தப்பிடுச்சா?"

"காய் பெருக்க இடம் விட்டுத் தைச்சது."

அவர் எழுந்ததும் அக்கா அவரை நிறுத்தி, சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை அவிழ்த்துச் சரியான ஓட்டையில் போட்டுவிட்டாள். சட்டையில் டீத்தூள் கறை இருந்தது. அதைத் தட்டிப் பார்த்தாள், போகவில்லை, விட்டுவிட்டாள். மாஸ்டர் உள்ளே போய்த் தலைமாட்டுப் பக்கம் பிடித்துக்கொண்டார். படி திரும்புகிற இடத்தில் தொட்டி இடித்துவிடாமல் இருக்க, "கொஞ்சம் இடது, கொஞ்சம் இடது" என்று தூக்கியவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இறங்கினார். பூ உதிர்ந்து போர்வையில் இரண்டு மூன்று விழுந்தன. யாரும் எடுக்கவில்லை.

திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கூடம் பெரிதாகத் தெரிந்தது. வந்தவர்கள் குடித்துவிட்டு வைத்த டம்ளர்கள் ஜன்னல் விளிம்பிலும் நாற்காலிக் காலடியிலும் படிக்கட்டிலும் கிடந்தன. எல்லாவற்றிலும் கால், அரை என்று தண்ணீர் மிச்சம். அக்கா ஒரு தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"நீ இரு அக்கா," என்று மாஸ்டர் தட்டை வாங்கிக்கொண்டார். "இனிமே அதுக்குத் தண்ணி விடலாம்."

ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினார். வராந்தாவுக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். மண் உறிஞ்சும்வரை காத்திருந்து அடுத்ததைக் கவிழ்த்தார். வெளியே நின்ற பூக்கள் விளிம்பில் பழுத்திருந்தன. பைகளுக்குள் எதுவும் தெரியவில்லை. கீழே, சின்ன டாக்டர் பஸ்ஸிலிருந்து இறங்கி, டீச்சரிடம் மாட்டிக்கொண்டு, தெருவைக் கடக்க முடியாமல் நின்றாள்.

தட்டு காலியானதும் உள்ளே போய் வந்தார். கையில் கட்டிலின் பக்கத்தில் இருந்த சின்ன டம்ளர். ஸ்பூன் அதற்குள்ளேயே நின்றது. பாதித் தண்ணீர் இருந்தது.

அதை அவர் கவிழ்க்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, சிந்தாமல், வேர்ப்பக்கம் விட்டுக்கொண்டிருந்தார்.